காரைக்கால் அம்மையார் கோயில் வட்டாரம்: கடல் சென்றோரும் மனை நின்றோரும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரும் போரும் உடன்படிக்கையும் கூறி அமைந்துவிடுகின்றனர். காரைக்காலைப் பற்றிய எழுத்துகளும் இவ்வழக்கிற்கு விலக்கல்ல. தஞ்சை மராத்திய அரசின் பகுதியாக இருந்த இவ்வூர் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமானமையும், 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியமையும், 1817-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டமையும், 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தமையும் அவற்றில் விரிவாகக் கூறப்படும். ஊரின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே யார் தங்கினர், யார் நீங்கினர், வீடு யார் பொறுப்பில் நின்றது என வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவையே ஈண்டு நாம் எழுப்புகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட பகுதி, காரைக்கால் நகரின் நடுவே கயிலாசநாதர் கோயிலையும் காரைக்கால் அம்மையார் கோயிலையும் சூழ்ந்த வட்டாரம் ஆகும். பாரதியார் வீதி இதன் பெருந்தெரு; கடைத்தெருவும் அதுவே. அதனைச் சார்ந்தும் அடுத்தும் கயிலாசநாதர் கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி, மாதா கோயில் வீதி, மாமாதம்பி மரைக்காயர் வீதி, நேரு வீதி என்பன உள்ளன. இப்பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படித்தாலே வட்டாரத்தின் இயல்பு ஒருவாறு விளங்கும். சைவரும் வைணவரும் கிறித்தவரும் இசுலாமியரும் நடந்து செல்லும் தொலைவிற்குள் தத்தம் வழிபாட்டிடங்களை அமைத்துக்கொண்ட ஊர் இது. மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரியும் அம்மையார் கோயிலின் மாங்கனி விழாவும் ஊர் முழுவதற்கும் உரிய திருநாள்களாகவே கருதப்படுகின்றன. ஆனால் இப்பன்மையைக் கூறி வியப்பதோடு நின்றுவிடுதல் போதாது. வேறுபட்ட சமயத்தார் இத்தெருக்களில் ஒருவர்க்கொருவர் அயலாராய் வாழ்ந்ததற்கு அடிப்படையாக ஒரு பொது வாழ்க்கைமுறை உண்டு. அது கடலால் அமைந்தது.

காவிரியின் கிளையாகிய அரசலாறு இவ்வூரை ஒட்டி ஓடிக் கடலிற் கலக்கின்றது. ஆற்றுமுகத்தில் பெருங்கப்பல் நுழைய இயலாது. ஆகவே கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் பண்டமும் தோணிகளில் சென்று சேர்ந்தன. துறைமுகம் என்று சொல்லத்தக்க பெருங்கட்டடம் ஒன்றும் இல்லாமலே நெடுங்காலம் துறைமுகமாக விளங்கிய ஊர் இது. வீட்டிலிருந்து புறப்பட்டவன் சிறிது தொலைவு நடந்து தோணி ஏறிவிடுவான். பின்பு அவன் திரும்பி வருவது காற்றையும் வாணிகத்தையும் விதியையும் பொறுத்தது.

இச்செய்தியை முதன்முதல் விரிவாகக் கூறும் தமிழ் நூல் பெரிய புராணமே எனலாம். காரைக்கால் அம்மையார் ஆறாம் நூற்றாண்டினை ஒட்டி வாழ்ந்தவர் என அறிஞர் பலர் கொள்வர். அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அம்மையார் தலையால் நடந்து கயிலை சென்றதையும், பேயுருவம் வேண்டிப் பெற்றதையும், இறைவன் அவரை அம்மை என விளித்ததையும் கேளாத தமிழர் இலர். மேடைகளில் இவ்வரலாற்றை விரித்துரைப்போர் மாங்கனியிலும் பேயுருவிலும் காட்டும் ஊக்கத்தைக் கப்பலின்மேற் காட்டுவதில்லை. நமக்கோ அக்கப்பலே முதன்மையானது.

வரலாற்றின் நடைமுறைப் பகுதியை மட்டும் எடுத்து நோக்குவோம். காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன்; அவனுடைய ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவளை மணஞ்செய்து கொடுக்கின்றான். பொது வழக்குப்படி மணமகள் கணவன் ஊராகிய நாகைக்குச் செல்ல வேண்டும். தனதத்தனோ அவளைத் தன் மனைக்கு அருகிலேயே வேறு மனை அமைத்துக் குடியிருத்துகின்றான். மருமகனும் அம்மனையில் தங்கிப் பெரும்பொருள் கொண்டு வாணிகம் செய்கின்றான். அவன் கடையில் இருக்கும்போது கிடைத்த கனிகளே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய பின்னர் அவன் கடல் வாணிகம் செல்லப் போவதாகக் கூறுகின்றான். சுற்றத்தார் ஐயுறவின்றி மரக்கலம் அமைத்துத் தருகின்றனர். சென்றவன் மீண்டு இவ்வூருக்கு வரவில்லை. பாண்டி நாட்டுக் கடற்பட்டினம் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகின்றான். அதுவரை முதல் மனைவி காரைக்கால் மனையில் இல்லறத்தைக் காத்துக்கொண்டிருக்கின்றாள்.

இதனைச் சேக்கிழார் காலத்துக் குடிமதிப்பு அறிக்கையாகக் கொள்வது பேதைமை. ஆயினும் கவிஞர் எதனை விளக்கம் கூறாமல் விட்டுச் செல்கின்றாரோ அதுவே அக்காலத்தார்க்கு இயல்பாக இருந்தது என்னும் ஆராய்ச்சி நெறி ஒன்று உண்டு. வணிகன் ஒருவன் கடல் கடந்து செல்வதாகச் சொல்லும்போது வீட்டார் எவரும் வியப்புறவில்லை. அவன் நெடுநாள் வராதபோதும் உடனே தேடிப் புறப்பட்டார் இல்லை. பிறர் வாய்ச்செய்தி வந்த பின்னரே அறிகின்றனர். மகளைத் தந்தை தன் அருகிலேயே இருத்தியமைக்கு மகப்பேற்றின் ஒருமை ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. கணவன் கலமேறும் குலத்தில் பிறந்தவன் என்பதும் உடன்கொள்ளத்தக்க காரணமென்றே நாம் கருதுகின்றோம்.

இக்கருத்திற்கு வலுவூட்டுவது இதே வட்டாரத்தில் வாழும் மரைக்காயர் வழக்காகும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் முதலிய கடற்கரை ஊர்களின் தமிழ் இசுலாமியர் குடும்பங்கள் பலவற்றில், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் முறை நெடுங்காலமாக உண்டு. உள்நாட்டுத் தமிழில் வீட்டோடு மாப்பிள்ளை என்பது எள்ளற் சொல். கடற்கரையில் அச்சொல்லில் எள்ளல் இல்லை, ஏனெனில் அங்கே மாப்பிள்ளையின் இயல்பான இடம் கப்பலும் கடையும், வீடோ பெண்ணினது. தாயும் மகளும் மகளின் மகளும் ஒரு கூரையின்கீழோ அடுத்தடுத்த மனைகளிலோ வாழ்வர். ஆடவன் ஓரிரு ஆண்டுகட்கு ஒருமுறை வந்து சில திங்கள் தங்கிச் செல்வான். அவன் செலவிற்குச் சபர் என்று பெயர். சென்று வருபவன் சபுராளி. பயணத்தைக் குறிக்கும் அரபுச்சொல் தமிழ் விகுதி ஏற்று நின்ற நிலை இது. அகராதிகள் இத்தகைய சொற்களைத் திசைச்சொல் என ஒரு வரியில் ஒதுக்கிவிடுகின்றன. இவ்வூர்ப் பேச்சிலோ அது ஒரு வாழ்க்கைநிலையையே குறிக்கின்றது.

தனதத்தன் செய்ததும் மரைக்காயர் செய்வதும் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியவை என்று நாம் கூறவில்லை. ஒரே கடற்கரையில் ஒரே தொழில் செய்தோர், ஒரே இடர்ப்பாட்டிற்கு ஒத்த வழியைக் கண்டனர் என்பதே நாம் கூறுவது. கணவன் திரும்புவது உறுதியில்லாதபோது பெண்ணை அவன் சுற்றத்தாரிடையே தனியே விடுவதைவிடத் தன் தாயருகில், தன் பெயரில் உள்ள வீட்டில் இருத்துவது பாதுகாப்பானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்செலவு வேறோர் உருக்கொண்டது. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை 1848-இல் ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்ட முதற் கப்பல்கள் சென்று சேர்ந்தன. 1861-இல் ஆங்கில, பிரெஞ்சு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப்பின் ரெயூனியோன் தீவுக்கும் ஆள் அனுப்புதல் பெருகிற்று. புதுச்சேரியோடு காரைக்காலும் அவர்கள் கலமேறிய துறையாக இருந்தது. அவ்வாறு சென்றோர் பெரும்பாலும் சுற்றுப்புற மாவட்டங்களின் உழவுத் தொழிலாளர். நம் வட்டாரத்து வீட்டுக்குரியோர் அல்லர். ஆயினும் அவர்கள் இத்தெருக்களின் வழியே கடந்து சென்றனர். காரைக்காலை அடுத்துள்ள நாகூரின் ஆண்டகை பெயர் மார்த்தினிக்கில் நாகூர் மீரா எனத் திரிந்து, இந்துத் தெய்வங்களோடு ஒருங்கு வைத்துக் கொடிமரம் நாட்டி வழிபடப்படுவது, இக்கரையின் கலப்பு வாழ்வு கடல் கடந்தும் உடன் சென்றதைக் காட்டும். 1880-களில் இவ்வாள் அனுப்புதல் நின்றுபோயிற்று.

வட்டாரத்தாரே பெருவாரியாகச் சென்ற நாடு இந்தோசீனமாகும். சைகோன் நகரம் பிரெஞ்சுக்காரர் வசமானபின் காரைக்காலாருக்கும் புதுச்சேரியாருக்கும் அங்கே இருவகை வாயில்கள் திறந்தன. ஒன்று வாணிகம், துணிக்கடைகளில் தமிழ் இசுலாமியர் சிறந்து விளங்கினர். சைகோன் நடுநகரில் 1935-இல் இந்திய இசுலாமியர் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. மற்றொன்று அரசுப் பணி. 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, தம் சமயவழி மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்போர்க்குக் குடிமை உரிமைகள் விரிவாயின. அவர்கள் குடும்பப் பெயர் ஒன்றும் சூடிக்கொள்ள வேண்டும். இத்துறவுரிமை பெற்றோர் பலர் எழுத்தராகவும் காவலராகவும் சுங்க அலுவலராகவும் இந்தோசீனம் சென்றனர். படையிற் சேர்ந்து ஓய்வூதியத்தோடு திரும்பியோரை ஊரார் சொல்தா என்றனர். படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச்சொல் ஈற்றெழுத்தின் ஒலி நீங்கியபடியே தமிழில் வந்து அமர்ந்தது. ஊராட்சி அமைப்பைக் குறிக்கும் கொம்யூன் என்னும் சொல்லோ இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என அரசு ஏடுகளிலேயே வழங்குகின்றது. ஒரே தெருவில் ஒரு வீட்டான் சபுராளி, அடுத்த வீட்டான் சொல்தா. இருவர் மனைவியரும் ஒரே அஞ்சற்காரனை எதிர்நோக்கித் திண்ணையோரம் நின்றனர். மொழியாராய்ச்சிக்கு இதனினும் இனிய களம் வேறு வேண்டுவதில்லை.

பரமதத்தன் கதையின் பிற்பகுதியும் இக்காலத்தில் மறைவாக நிகழ்ந்ததுண்டு. இந்தோசீனத்தில் தமிழர் சிலர் அந்நாட்டுப் பெண்டிரை மணந்து மக்கள் பெற்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் பிரான்சிலும் புதுச்சேரிப் பகுதியிலும் குடியேறியமை அறிஞர்கள் எழுதிய செய்தியே. இதனைக் குறைகூறும் நோக்கில் நாம் கூறவில்லை. கடல் நடுவே கிடக்கையில் இருகரையிலும் மனை அமைவது பழைய செய்தி. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி இந்தோசீனத்தை விட்டு நீங்கியதும், 1975-இல் சைகோன் வீழ்ந்ததும் அக்கரை மனைகளைக் கலைத்தன. மீண்டோர் சிலர்; பிரான்சுக்குச் சென்றோர் பலர்.

இவற்றுக்கு இடையே 1962-இல் வந்த ஒரு நிகழ்ச்சி இவ்வட்டாரத்து வீடுகளின் உள்ளே புகுந்து வினவியது. 1956-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கையொப்பமான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் குடியுரிமை விதிகளைச் சட்டம் பயின்றோரே படிக்கின்றனர். தெரு வரலாறு எழுதுவோர் படிப்பதில்லை. விதி இதுவாகும்: பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடியினர் தாமாகவே இந்தியக் குடியினராவர், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுத்துவழி அறிவிக்க வேண்டும். அப்பகுதிகளிற் பிறந்து, இந்தியாவிற்கு அப்பால் வாழ்வோர்க்கு விதி தலைகீழாகும். அவர்கள் பிரெஞ்சுக் குடியினராகவே நீடிப்பர். இந்தியராக விரும்பினால் மட்டுமே அறிவிக்க வேண்டும்.

இவ்விரண்டையும் நம் வட்டாரத்து ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். கணவன் சைகோனில், மனைவி காரைக்காலில், இருவரும் பிரெஞ்சுக் குடியினர். இருவரும் ஒன்றும் செய்யாமல் வாளா இருந்தால், ஆறு திங்கள் கழிந்ததும் கணவன் பிரெஞ்சுக்காரன், மனைவி இந்தியள். கணவன் தேர்வு மனைவியின் குடியுரிமையை மாற்றாது என்றும் உடன்படிக்கை தெளிவாகக் கூறிற்று. இங்குப் பெண்ணைத் தனியாளாக மதித்த பெருமை அச்சட்டத்திற்கு உண்டு. ஆனால் பதினெட்டு வயது நிரம்பாத மணமாகாத மக்களின் குடியுரிமையைத் தீர்மானிக்கும் அறிவிப்பு தந்தையினது. அவன் இறந்திருந்தால் மட்டுமே தாயினது. வீட்டையும் மக்களையும் பல்லாண்டு தனியே காத்தவள் தனக்காகக் கையொப்பமிடலாம்; மடியிலிருக்கும் மகனுக்காக இடமுடியாது. கணவன் உயிரோடிருக்கின்றான், ஆனால் ஆயிரக்கணக்கான கல் தொலைவில். வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் கணக்கிட்டால் ஆறு திங்கள் நீண்ட காலம் அன்று.

பிரெஞ்சுப் பகுதிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோர் ஏறத்தாழ ஐயாயிரவரே ஆவர். இவ்வெண்ணைக் கண்டு, ஏனையோர் நாட்டுப்பற்றினால் இந்தியரானார் என்று எழுதுவோரும் உளர். விவரமறியாமையால் வாய்ப்பை இழந்தனர் என்று எழுதுவோரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டாயினும், நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் முழு விடை ஆகா. வீட்டை விட்டு நீங்காமைக்கு வீடே காரணமாதல் உண்டு. தாயிடமிருந்து பெற்ற மனையை மகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட பெண்ணுக்கு, குடியுரிமை வினாவும் மனை வினாவும் ஒன்றே.

சைகோன் வாயில் மூடியபின் சிங்கப்பூரும் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் பிரான்சும் அவ்விடத்தைப் பெற்றன. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள் 2,00,222 பேர். அவருள் ஆடவர் 97,809, பெண்டிர் 1,02,413. அதாவது ஆடவர் ஆயிரவர்க்குப் பெண்டிர் 1,047 பேர். அனைத்திந்திய அளவு அவ்வாண்டில் 943 ஆகும். இவ்வேறுபாடு முழுவதையும் கடற்செலவின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. பெண்மக்கள் பிறப்பும் நலமும் இவ்வூரில் ஓரளவு பேணப்படுதலும் காரணமாகும். எனினும் ஆடவர் வெளியிலும் பெண்டிர் மனையிலுமாக அமைந்த பழைய முறை முற்றும் மறைந்துவிடவில்லை என்பதை அவ்வெண் உணர்த்துகின்றது. நகருக்குத் தெற்கே வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் புதிய துறைமுகத்தில் நிலக்கரி முதலிய சரக்குகளே ஏற்றி இறக்கப்படுகின்றன. இன்றைய சபுராளி வானூர்தி ஏறச் சென்னைக்கோ திருச்சிக்கோ செல்கின்றான்.

வீட்டின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பழைய வீடுகள் தெருவை ஒட்டிய திண்ணை, அதனையடுத்து நடை, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கூடம், பின்கட்டு, கொல்லை என்னும் ஒழுங்கில் அமைந்தவை. வெளிநாட்டுப் பொருள் வந்தபோது முன்புறத்தில் மாடி எழுந்தது. திண்ணை வருவோர்க்கு உரியது. முற்றமும் பின்கட்டும் பெண்டிர்க்கு உரியன. மாடியோ ஆண்டில் பல நாள் வெறுமையாய்க் கிடந்து, திருநாளில் மட்டும் நிறைவது. கடைத்தெரு பெருகியபின் திண்ணைகள் முதலில் மறைந்தன; அவ்விடத்தில் கடைகளின் இரும்புக் கதவுகள் வந்தன. உடன்பிறந்தோர் சிலர் பிரான்சிலும் சிலர் இங்குமாக வாழும் வீடுகளில் பங்கு பிரித்தல் எளிதன்று. உரிமையாளர் அனைவரும் ஒரே நாட்டில் இல்லாமையும், ஒரே சட்டத்துக்கு உட்படாமையும் தடையாகின்றன. ஆதலின் இடிக்கவும் இயலாமல் பழுதுபார்க்கவும் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் மனைகள் உள்ளன. விற்கப்படும் மனைகள் வீடாக எஞ்சுவதில்லை; வணிகக் கட்டடமாகின்றன.

இம்மாற்றம் வெளிப்படையாகத் தோன்றும் நாள் ஆனித் திங்கள் முழுநிலாவை ஒட்டிய மாங்கனி விழாவாகும். முதல் நாள் பரமதத்தர் மாப்பிள்ளையாய் அழைத்து வரப்படுகின்றார். அடுத்து அவருக்கும் புனிதவதியார்க்கும் திருமணம் நிகழ்கின்றது. பின்னர்ப் பிச்சாண்டவராகிய இறைவன் பவளக்கால் விமானத்தில் வீதியுலா வரும்போது, வழிநெடுக வீட்டு மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். கீழே நிற்போர் கைகளிலும் மடிகளிலும் ஏந்திக்கொள்கின்றனர். மகப்பேறு வேண்டும் பெண்டிர் முந்தானையை விரித்து நிற்பர். கோயில்களில் பொதுவாக இறைவனிடமிருந்தே அடியார்க்குப் பொருள் வருதல் வழக்கு. இங்கே இரந்து வருபவர் இறைவர், கொடுப்பது வீடு. மாடியில் நின்று கனி இறைப்பவர் ஒவ்வொருவரும் அன்று புனிதவதியின் செயலைச் செய்கின்றனர். ஆகவே இவ்விழாவிற்குக் கோயிலும் தேவை, குடியிருப்போருள்ள வீடும் தேவை. வெறும் வணிகத் தெருவில் இதனை நடத்தலாம். கடைக்காரரும் தம் மேல்தளத்திலிருந்து அன்போடு கனி இறைக்கின்றனர். ஆயினும் இரவில் கடையை மூடி வீடு திரும்பும் அவர்தம் இல்லம் வேறிடத்தில் உள்ளது.

விழாவின் பிற்பகுதியைக் காண வெளியூரார் பெரும்பாலும் தங்குவதில்லை. தங்கிக் காண்பவர் வட்டாரத்தாரே. இரவில் பரமதத்தருக்குப் பாண்டி நாட்டில் நடந்த இரண்டாம் திருமணமும் முறைப்படி நிகழ்த்தப்படுகின்றது. கதையின் இப்பகுதியைக் கூசி மறைக்காமல், நடுவீதியில், மேளத்தோடு கொண்டாடும் ஊர் வேறு ஒன்றை நாம் கண்டதில்லை. அதன்பின் பேயுருக் கொண்ட அம்மையார் கயிலையை நோக்கிப் புறப்படுகின்றார். விடியற்காலையில் இறைவன் அவர்க்குக் காட்சி தருகின்றார். பகலில் கனிக்காக நெருங்கிய கூட்டம் அப்போது இல்லை. வாயிற்படிகளில் முதிய பெண்டிர் சிலர் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, அம்மையார் தம் வீட்டைக் கடந்து செல்லும்வரை உறங்காமல் அமர்ந்திருக்கின்றனர்.